கூண்டைத் திறப்பதற்கு முன்...



எங்கள் ஊர் ஆரணியில் தெருவுக்குத் தெரு பட்டுத் தறி உண்டு. மற்ற ஊர் வகுப்பறையில் நிறங்களின் பெயரைக் கேட்டால், 'சிவப்பு, பச்சை, மஞ்சள்' என்று பிள்ளைகள் சொல்வார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளோ, 'அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, கிளிப்பச்சை' என்று அடுக்குவார்கள்! கிளிப்பச்சைப் புடவைக்குச் சிவப்புக் கரை வைத்தால் தனி அழகு. கிளியின் மூக்கைப் பார்த்துத்தான் முதலில் யாரோ ஒரு நெசவாளி அப்படி நெய்திருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் எண்ணம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், போன வாரம் என்னிடம் வந்தாள். குரலைத் தாழ்த்தி, "தாத்தா, எங்க பாட்டி வீட்டுல கூண்டுல ஒரு கிளி இருக்கு. பாவமா இருக்கு. பொங்கல் லீவுக்குப் போகும்போது யாருக்கும் தெரியாம கூண்டைத் திறந்து விட்டுடப் போறேன். தப்பா தாத்தா?" என்று கேட்டாள்.

நல்ல மனசு. ஆனால், "உடனே திற கண்ணு!" என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஏன் தெரியுமா? நான் ஒரு முறை திறந்து பார்த்தவன்.

அது 1987ஆம் ஆண்டு. நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. சுதந்திர தினத்தன்று பிள்ளைகளுக்குப் புதுமையாக ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்று ஆசை. பிள்ளைகளிடம் பத்துப் பைசா, இருபது பைசாவாக வசூலித்து, கிளி விற்பவரிடம் ஒரு கிளி வாங்கினோம். கொடி ஏற்றி முடித்ததும், 'சுதந்திரம் என்றால் இதுதான்' என்று நான் பேசினேன். ஒரு மாணவன் கூண்டைத் திறந்தான். எல்லோரும் கை தட்டினார்கள்.

கிளி பறக்கவில்லை. தத்தித் தத்திப் போய், பத்தடி தூரத்தில் தரையில் உட்கார்ந்தது. விற்றவர் அதன் இறக்கையை வெட்டியிருந்தார். எனக்கு அதைப் பார்க்கத் தெரியவில்லை. நாங்கள் ஓடிப் போய் எடுப்பதற்குள் காக்கைகள் வந்துவிட்டன. அதற்கு மேல் நடந்ததை எழுத வேண்டாம். கூண்டைத் திறந்த மாணவன் அன்று சாப்பிடவே இல்லை. இன்றைக்கு அவனுக்கு ஐம்பது வயது இருக்கும். ஆனாலும், எங்கே பார்த்தாலும் அந்தக் கிளியைப் பற்றித்தான் முதலில் பேசுவான்.

இன்னொன்றும் பிறகுதான் உறைத்தது. நாங்கள் கொடுத்த காசுக்கு, அந்த ஆள் மறுநாளே வேறு கிளி பிடித்திருப்பார்.

கூண்டுக்கிளி வெளியே போனால் காக்கைக்கு இரையாகும், அவ்வளவுதானே என்று நினைக்காதீர்கள். பிழைத்துக்கொண்டாலும் வம்பு உண்டு! அதற்குச் சாட்சி வேண்டுமென்றால், லண்டனுக்குப் போக வேண்டும்.

இங்கிலாந்துக்கும் கிளிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? லண்டன் பூங்காக்களில் இன்று பச்சைக்கிளிகள் கூட்டம் கூட்டமாகப் பறக்கின்றன. அவை வேறு யாருமல்ல, நம் பச்சைக்கிளிதான். ஆண் கிளியின் கழுத்தில் கறுப்பும் ரோஜா நிறமும் கலந்து ஒரு வளையம் இருக்குமே, அதே கிளி! நம் நாட்டிலும் பாகிஸ்தான், இலங்கையிலும் ஆப்பிரிக்காவின் சில பகுதிகளிலும் இயற்கையாக வாழ்வது. கூண்டில் வளர்ப்பதற்காகக் கப்பலேற்றிக் கொண்டு போனார்கள். சில தப்பின. சிலவற்றைத் திறந்து விட்டார்கள். அங்கே 1855ஆம் ஆண்டிலேயே ஒரு ஜோடி வெளியே கூடு கட்டியதாகப் பதிவு இருக்கிறது. 1969 முதல் தொடர்ந்து குஞ்சு பொரித்து, இப்போது சுமார் 12,000 ஜோடிகள் பிரிட்டனில் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஈஷர் என்ற ஊரில் ஒரு ரக்பி மைதானம் உண்டு. ஒரு காலத்தில் அதன் ஓரத்து மரங்களில் ஆயிரக்கணக்கான கிளிகள் மாலையில் வந்து அடையுமாம். விளையாட்டைவிட அந்தச் சத்தம்தான் பெரிதாக இருந்திருக்கும்!

இவை எப்படி வந்தன என்று லண்டன்காரர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். 1951இல் வெளிவந்த 'தி ஆப்பிரிக்கன் குயீன்' என்ற சினிமாவின் படப்பிடிப்பிலிருந்து தப்பியவை என்பார்கள் சிலர். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்ற கிடார் கலைஞர் ஒரு ஜோடியைப் பறக்க விட்டார், அதன் வாரிசுகள்தான் இவை என்பார்கள் வேறு சிலர். லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தொடர்ந்து குற்றம் செய்பவனின் வீடு எந்தப் பக்கம் இருக்கும் என்று போலீசார் வரைபடத்தில் கணக்குப் போடுவார்கள் அல்லவா? அதே கணக்கைக் கிளிகளுக்குப் போட்டார்கள்! கிளிகள் தென்பட்ட இடங்களையெல்லாம் குறித்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். சினிமாவும் இல்லை, கிடாரும் இல்லை. பல வீடுகளில், பல வருடங்களாக, பலர் திறந்த கூண்டுகள்தான் காரணம். கிளிகளால் மனிதருக்கு ஒரு வகைக் காய்ச்சல் வரும் என்று 1930 வாக்கிலும் பிறகு 1950களிலும் அங்கே செய்தித்தாள்களில் பரபரப்பாக எழுதினார்கள். பயந்து போனவர்கள் கிளியை வெளியே விட்டிருப்பார்கள் என்பது அவர்கள் யூகம். ஆசைக்கு வாங்கியது, பயத்துக்குத் திறந்தது!

பனி பெய்யும் ஊரில் நம் கிளி எப்படிப் பிழைத்தது? அங்கே போனவற்றில் பெரும்பாலானவை பாகிஸ்தான், வட இந்தியப் பகுதிக் கிளிகளின் வம்சம். குளிரைக் கொஞ்சம் தாங்கும். தோட்டத்தில் பறவைகளுக்கென்று வேர்க்கடலை தொங்கவிடுவது வேறு அந்த ஊர் வழக்கம். பிறகென்ன கவலை!

இங்கே ஒரு சின்ன விலகல். சென்னை ராயப்பேட்டையில் கேமரா பழுது பார்க்கும் ஒருவர், 2004 சுனாமிக்குப் பிறகு, தன் மொட்டை மாடிக்கு வந்த பறவைகளுக்கு அரிசி வைக்க ஆரம்பித்தார். ஆண்டுகள் போகப் போக ஆயிரக்கணக்கான கிளிகள் வர ஆரம்பித்தன. வரிசை வரிசையாகப் பலகையில் உட்கார்ந்து சாப்பிடும் படங்களை நீங்களும் பார்த்திருக்கலாம். லண்டனில் வைப்பதும் தீனிதான், சென்னையில் வைப்பதும் தீனிதான். ஆனால் சென்னை அவற்றின் சொந்த வீடு. லண்டன் அப்படியல்ல. அந்த வித்தியாசத்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

கிளிக்குக் கூடு கட்டத் தெரியாது. மரப்பொந்து வேண்டும். மரங்கொத்தியோ குக்குறுவானோ குடைந்து விட்டுப் போன பொந்து கிடைத்தால், கொஞ்சம் அகலமாக்கிக் குடிபுகும். பொந்து எவ்வளவோ, அவ்வளவு குடும்பம்தான். அதனால் கிடைத்த பொந்தை லேசில் விடாது. உள்ளூர் ஃபுட்பால் போட்டியில் பலமில்லாத டீம் என்ன செய்யும், பார்த்திருக்கிறீர்களா? கோல் போடவே போகாது. பதினொரு பேரும் தங்கள் கோல் போஸ்ட் முன்னால் கூட்டமாக நின்று மறிப்பார்கள். எதிராளி பந்தோடு வந்து வந்து களைத்துப் போவான். கிளியின் வித்தையும் அதுதான். ஐரோப்பாவில் மற்றப் பறவைகள் வசந்தம் வரட்டும் என்று காத்திருக்கும்போது, நம் கிளி முன்னதாகவே பொந்தைப் பிடித்து வாசலில் உட்கார்ந்துவிடும். தாமதமாக வந்தவர்களுக்கு இடமில்லை.

பெல்ஜியத்தில், கிளிகள் மிகுந்த இடங்களில் நட்ஹாட்ச் என்ற சிறிய பறவை குறைந்திருப்பதைக் கண்டார்கள். அந்த நாட்டுத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் கிளிகள் வந்த கதையும் வேடிக்கைதான். 1974இல் ஒரு கேளிக்கைப் பூங்காக்காரர்கள், ஊர் கொஞ்சம் வண்ணமாக இருக்கட்டும் என்று சுமார் 40 கிளிகளைத் திறந்து விட்டார்கள். இன்று அங்கே ஆயிரக்கணக்கில் பறக்கின்றன.

ஸ்பெயினில் செவில் என்ற நகரம். அங்கே மரியா லூயிசா பூங்காவின் பழைய மரப்பொந்துகளில் ஒரு பெரிய வகை வெளவால் வாழ்கிறது. ஐரோப்பாவிலேயே அரிதானது. கிளிகள் அந்தப் பொந்துகளைக் கேட்டன. வெளவால்களைக் கடித்துத் துரத்தின, சிலவற்றைக் கொன்றும் விட்டன. 14 ஆண்டுகளில் வெளவால் தங்கிய மரங்களின் எண்ணிக்கை 81 சதவீதம் குறைந்துவிட்டது என்று 2018இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நூறு மரங்களில் குடியிருந்தவர்களுக்குப் பத்தொன்பது மரங்கள்தான் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செய்ஷெல்ஸ் தீவுகளில் நடந்ததைச் சொல்வதற்கு எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அங்கே தமிழர்களும் வாழ்கிறார்கள், தலைநகர் விக்டோரியாவில் அவர்கள் கட்டிய விநாயகர் கோயிலும் இருக்கிறது. அந்த நாட்டின் தேசியப் பறவை ஒரு கருங்கிளி. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. பக்கத்துத் தீவான ப்ராலினில் சில நூறு மட்டுமே. மாஹே என்ற பெரிய தீவில், யாரோ வளர்த்துத் தப்பவிட்ட நம் பச்சைக்கிளிகள் பெருகின. அவை ப்ராலினுக்குப் பறந்து போனால் கருங்கிளிக்குப் பொந்தும் போகும், நோயும் வரும் என்று பயந்தார்கள். சில ஆண்டுகள் பாடுபட்டு எல்லாப் பச்சைக்கிளிகளையும் தேடிச் சுட்டார்கள். 2017இல் கடைசிக் கிளி விழுந்தது.

அந்தக் கிளி என்ன தப்புச் செய்தது? சாப்பிட்டது, பொந்து தேடியது, குஞ்சு வளர்த்தது. நம் ஊர்க் கிளி செய்வதைத்தான் அதுவும் செய்தது. கருங்கிளியைக் காப்பாற்றியவர்கள் மீதும் எனக்குக் கோபமில்லை. முதன் முதலில் ஒரு கூண்டை வாங்கிக் கப்பலிலோ விமானத்திலோ ஏற்றியவர் இருக்கிறாரே, அவர் மீதுதான். அவருக்கு எந்தத் தண்டனையும் இல்லை.

நம் நாட்டில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் பச்சைக்கிளியைப் பிடிப்பதும், விற்பதும், வீட்டில் வளர்ப்பதும் குற்றம். 2022இல் திருத்தம் கொண்டு வந்து இன்னும் கடுமையாக்கினார்கள். 'லவ் பேர்ட்ஸ்' என்று நாம் வாங்கும் சின்னப் பறவைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பட்ஜெரிகர் வகை. அவற்றை வளர்க்கலாம், ஆனால் திறந்து விடவே கூடாது. இரை தேடத் தெரியாமல் சாகும். ஒருவேளை சாகாமல் பெருகினால், லண்டன் கதை இங்கே திரும்பும்.

சுற்று வட்டாரத்தில் நிலம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள், "கிளி எங்கள் சோளத்தையும் கொய்யாவையும் நாசம் செய்கிறதே!" என்று கேட்பீர்கள். உண்மைதான். தகரம் தட்டி விரட்டுங்கள். ஆனால் தலை போன பனை மரமொன்று வரப்பில் மொட்டையாக நின்றால், 'சும்மாதானே நிற்கிறது' என்று அப்பா வெட்டப் போகும்போது, ஒரு நிமிடம் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். அதில் ஒரு பொந்தும், பொந்தில் ஒரு சிவப்பு மூக்கும் தெரியலாம்.

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். நான் அவளிடம் சொன்னது இதுதான்: 'திருட்டுத்தனமாகத் திறக்காதே. பாட்டியிடம் பேசு. பெரியவர்களோடு வனச்சரக அலுவலகத்துக்குப் போய்க் கிளியை ஒப்படையுங்கள். இறக்கை வெட்டியிருந்தால் புது இறகு முளைக்கும்வரை வைத்துப் பார்ப்பார்கள். பறக்கவும் இரை தேடவும் முடிகிற கிளியை அதன் கூட்டம் இருக்கும் இடத்தில் விடுவார்கள். முடியாத கிளி அங்கேயே பத்திரமாக இருக்கும்.'

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்தாள். பாட்டியிடம் போனில் பேசியிருக்கிறாள். பாட்டி கோபப்படவில்லையாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தாத்தா போனதுலேருந்து, காலையில என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறது அது ஒண்ணுதான் கண்ணு. அதையும் அனுப்பிட்டா யாரு கூப்பிடுவா?" என்று கேட்டாராம்.

"இதுக்கு என்ன தாத்தா சொல்றது?" என்றாள்.

முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பில் கேள்விக்குப் பதில் சொன்ன எனக்கு அன்று வாய் வரவில்லை. பொங்கலுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அந்தப் பாட்டியிடம் என்ன சொல்லலாம் என்று உங்களுக்குத் தோன்றினால், ஒரு தபால் அட்டையில் எழுதிப் போடுங்கள். அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன்.