காது மந்தமான பெரியவருக்கு ஸ்பீக்கர் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

1/ சீர்காழி கோவிந்தராஜன் 1933ல் பிறந்த ஊர் இது. தமிழிசை மூவருக்கு மணிமண்டபம் இருக்கும் ஊரும் இதுதான். இங்கே மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஈசி சேரில் சாய்ந்து பாட்டுக் கேட்கும் ஒரு பெரியவர் இல்லாத தெரு குறைவு. எங்க வீட்லயும் ஒருத்தர் உண்டு. என் தாத்தா, வயசு 82. அவர் விஷயத்துல டாக்டராகிய நானே பண்ணின தப்பைத்தான் இந்த த்ரெட்ல சொல்லப் போறேன்.

2/ தாத்தா நெல் அரவை மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ரெண்டு வருஷமா வீட்ல வால்யூம் ஏறிக்கிட்டே போச்சு. "தெருவுக்கே கேக்குது, இவருக்கு மட்டும் கேக்கல"ன்னு பாட்டி புலம்பல். தாத்தாகிட்ட கேட்டா, "சத்தம் கேக்குது தம்பி, வார்த்தைதான் புரியல" என்றார்.

3/ அந்த ஒரு வரியிலேயே நோய் இருந்தது. ஆஸ்பத்திரியில் வேறு யாராவது சொல்லியிருந்தால் உடனே பிடித்திருப்பேன். வீட்ல சொன்னதால விட்டுட்டேன். நேரா கடைக்குப் போனேன். பெரிய வூஃபரோட ஒரு செட்டைப் போட்டுக் காட்டினாங்க, நெஞ்சு அதிர்ந்துச்சு. வாங்கிட்டு வந்துட்டேன்.

4/ ரெண்டே நாள். "என்னடா இது, உரலுக்குள்ள உக்காந்து பாடுற மாதிரி இருக்கு" என்றார். நாலாம் நாள் அந்தப் பெட்டி மேல துண்டு காய்ஞ்சுது. அதைவிட மோசம், அவர் பாட்டுக் கேட்பதையே நிறுத்திட்டார். எல்லாரும் பேசிட்டு இருக்கும்போது எழுந்து திண்ணைக்குப் போயிடுவார்.

5/ என்ன நடந்தது? வயதாலும் இரைச்சலாலும் வரும் காது மந்தத்தில் முதலில் போவது உயர் அதிர்வெண் ஒலிகள், அதாவது கீச்சு ஒலிகள். பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிரெழுத்துகளின் பலம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே. ச, த, ட, ஸ போன்ற மெய்களை அடையாளம் காட்டும் ஒலிகளில் பெரும்பகுதி 2000க்கு மேலே. உயிர் கேட்கும், மெய் கேட்காது. பத்து, பட்டு, கத்து மூணும் ஒண்ணாக் கேட்கும்.

6/ இப்படிப்பட்ட காதுக்கு வூஃபர் கொடுத்தால், ஏற்கெனவே நல்லாக் கேட்கும் அடிச்சத்தம் இன்னும் ஏறி, மிச்சமிருக்கும் மெய்யொலியையும் அமுக்கிவிடும். நான் செய்தது அதுதான்.

7/ இன்னொன்று. மெதுவாப் பேசினா "என்ன?" என்பார். கொஞ்சம் உரக்கப் பேசினா "ஏன்டா கத்துற?" என்பார். இது பிடிவாதம் இல்லை. உள்காது செல்கள் பழுதானால் சின்னச் சத்தம் கேட்காது, பெரிய சத்தம் சட்டென்று தாங்க முடியாததாகிவிடும். நடுவில் இருக்கும் இடைவெளி சுருங்கிவிடுகிறது. அதனால வால்யூமைத் திருகுவது வைத்தியம் ஆகாது. இருக்கிற கேள்வித் திறனையும் அது கெடுக்கலாம். உள்காதில் செத்த செல் திரும்ப முளைக்காது.

8/ ஆக, கடைக்கு முன்னாடி காதைக் காட்டுங்க. தாத்தாவுக்கு ஒரு காதில் அழுக்கு அடைத்திருந்தது. அதை எடுத்ததுமே கொஞ்சம் தெளிவு. பிறகு ஆடியோகிராம். ரெண்டு காதிலும் உயர் ஒலி இழப்பு, இடது காதில் கூடுதல். ஹேர்பின், பட்ஸ், காய்ச்சிய எண்ணெய் எதுவும் காதுக்குள் வேண்டாம்.

9/ இப்ப ஸ்பீக்கருக்கு வருவோம். என் கருத்து: பெரிய பெட்டி வேண்டாம். சின்ன ஜோடி ஸ்பீக்கர் போதும், ஆனால் கிட்ட வைங்க. திறந்த வெளியில் தூரத்தைப் பாதியாக்கினால் சத்தம் 6 டெசிபல் கூடும். வீட்டுக்குள் இது கொஞ்சம் குறையும், ஆனா சுவரில் பட்டு வரும் எதிரொலியைவிட நேராக வரும் ஒலி ஓங்கி நிற்கும். வாட்ஸை ரெண்டு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான். காசு கொடுத்து வாங்கும் வாட்ஸைவிட, காசில்லாமல் நகர்த்தும் நாற்காலிக்குப் பலன் அதிகம்.

10/ வாங்கும்போது பார்க்க வேண்டியவை:
• ஒவ்வொரு பெட்டியிலும் கீச்சு ஒலிக்குத் தனி ட்வீட்டர் இருக்கணும்.
• பேஸ், ட்ரெபிள் தனித்தனியாகத் திருகும் வசதி. பேஸைக் குறைச்சு ட்ரெபிளைக் கொஞ்சம் கூட்டணும்.
• கையால் திருகும் வால்யூம் குமிழ். எண்பது வயசுல எட்டு பட்டன் ரிமோட் வேண்டாம்.
• தனி சப்வூஃபர் தேவையில்லை.

11/ வைக்கும் விதம்: நாற்காலியிலிருந்து மூணு நாலு அடி. காது உயரம். முகம் பார்த்துத் திருப்பி வைக்கணும், ஏன்னா கீச்சு ஒலி நேர்கோட்டில்தான் நன்றாகப் போகும். அலமாரி உச்சியில் வைத்தால் பாதி போச்சு. மூலையில் ஒட்டி வைத்தால் அடிச்சத்தம் வீங்கும். வெறும் டைல்ஸ் தரை, வெறும் சுவர் என்றால் எதிரொலி. ஒரு பாய், ஒரு திரைச்சீலை போதும். தலைக்கு மேல கடகடக்கும் ஃபேனையும் கவனிங்க.

12/ ஒரு காது ரொம்ப மோசம் என்றால் போனில் அக்சஸிபிலிட்டிக்குள் போய் 'மோனோ ஆடியோ' போட்டுவிடுங்கள். ரெண்டு பக்கமும் ஒரே ஒலி வரும், எதுவும் விட்டுப்போகாது. கோவிந்தராஜன் காலத்துப் பழைய சினிமாப் பாட்டுகள் பெரும்பாலும் மோனோதான், அதனால இழப்பும் இல்லை.

13/ முக்கியமான விஷயம்! கடையில் தாத்தாவுக்குப் பிடிச்ச பழைய பாட்டைப் போட்டு சோதிக்காதீங்க. மனப்பாடமான பாட்டில் காது விட்ட வார்த்தையை மூளை நிரப்பிவிடும். "நல்லாத்தான் கேக்குது" என்பார். செய்தி வாசிப்பதைப் போடுங்க. முதுகைத் திருப்பி உக்காரச் சொல்லி, என்ன சொன்னாங்கன்னு கேளுங்க. அதுதான் பரீட்சை.

14/ ஸ்பீக்கர் காதுக் கருவிக்கு மாற்று இல்லை. பேத்தி பேசுறதுக்கு ட்ரெபிள் குமிழ் கிடையாது. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் நாலில் ஒருவருக்கு மேல், வாழ்க்கையைப் பாதிக்கும் அளவு கேள்விக் குறைபாடு இருக்கு. மறதி நோய் பற்றிய லான்செட் ஆணையத்தின் 2024 அறிக்கை சொல்லும், மாற்றக்கூடிய 14 காரணிகளில் இதுவும் ஒன்று. கண்ணாடி போட யாரும் வெட்கப்படுவதில்லை. காதுக்கு மட்டும் ஏன்?

15/ "மிஷின் வேணாம்"னு தாத்தாவும் மறுத்தார். ஸ்பீக்கரில் வார்த்தை தெளிவாக் கேட்க ஆரம்பிச்ச பிறகுதான், இவ்வளவு நாள் எவ்வளவு விட்டுப்போச்சுன்னு அவருக்கே தெரிஞ்சுது. பிறகு அவரே கேட்டார். வசதி குறைந்தவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் அரசு மருத்துவமனை காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் விசாரியுங்கள்.

16/ இவை இருந்தால் ஸ்பீக்கரை மறந்துட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க: ஓரிரு நாளில் திடீர்னு காது கேட்காமல் போவது (இது அவசரம், அன்றைக்கே வரணும்), ஒரு பக்கம் மட்டும் மந்தம், சீழ், வலி, தலைசுற்றல்.

17/ இப்ப எங்க வீட்ல வால்யூம் முன்னைவிடக் குறைவு. பாட்டி புலம்பல் நின்னுடுச்சு. மத்தியானம் கோவிந்தராஜன் பாடுறார், தாத்தா தொடையில தாளம் போடுறார். பேச்சு நடக்கும்போது திண்ணைக்கு எழுந்து போறதில்லை. எனக்கு அதுதான் பெருசு.

உங்க வீட்டுப் பெரியவர் "சத்தம் கேக்குது, வார்த்தை புரியல"ன்னு சொன்னா, என்னை மாதிரி முதல்ல கடைக்கு ஓடாதீங்க. தேவைப்படுறவங்களுக்குப் பகிருங்க.