வியர்வைக்கு எதற்கு வாசனைத் தண்ணீர்?

சென்ற ஆண்டு எனது இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் புரட்டிப் பார்த்த வைத்தியர், சீனி எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார். நடக்க வேண்டும், எடையைக் குறைக்க வேண்டும் என்பது அவரது கட்டளை. ஆசிரிய பீடத்தின் கதிரையிலேயே முப்பது ஆண்டுகளைக் கழித்தவனுக்கு இது எதிர்பாராத செய்தி அல்ல. வெள்ளவத்தைக் கடற்கரையோரம் மாலை வேளைகளில் நடக்க ஆரம்பித்தேன். மழைக்காலம் குறுக்கிட்டது. வீட்டுக்கு அண்மையிலிருந்த உடற்பயிற்சி நிலையமொன்றில் சேர்ந்துகொண்டேன்.

அங்கே குளிரூட்டிய அறையில் நாற்பது நிமிடங்கள் இயந்திரத்தின் மீது நடப்பேன். இறங்கியதும், பயிற்றுவிக்கும் தம்பி இளநீல நிறப் போத்தலொன்றை நீட்டுவார். "வெறுந் தண்ணி குடிச்சா போன உப்பு திரும்பி வராது சேர்" என்பார். பழ வாசனையுடன் இனிப்பாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. நாளொன்றுக்கு ஒன்று என்று பழகிப்போயிற்று.

மூன்று மாதங்களின் பின்னர் மீண்டும் வைத்தியரிடம் சென்றபோது சீனி இறங்கியிருக்கவில்லை, சற்றே ஏறியிருந்தது. பயிற்சியின் பின் என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டார். "தண்ணீர்தான்" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. போத்தலில் அப்படித்தான் எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிட்டையை வாசித்தேன். நூறு மில்லிலீற்றருக்கு ஐந்து கிராம் சீனி. அரை லீற்றர் போத்தலில் இருபத்தைந்து கிராம், ஏறக்குறைய ஆறு தேக்கரண்டி. ஒரு நாள் முழுவதற்கும் இதற்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் விதந்துரைத்த அளவும் ஏறத்தாழ இதுவே. நாற்பது நிமிடம் வியர்த்துச் செலவழித்த சக்தியில் பெரும்பகுதியை இரண்டு நிமிடத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பணமும் கொடுத்திருக்கிறேன். சிட்டையின் ஓரத்தில் செம்மஞ்சள் வட்டமொன்றும் இருந்தது. மென்பானங்களில் சீனியின் அளவைச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறங்களால் காட்ட வேண்டும் என்ற விதி 2016ஆம் ஆண்டில் இந்நாட்டில் நடைமுறைக்கு வந்தபோது அச்செய்தியை எழுதியவர்களுள் நானும் ஒருவன். எழுதியவன் பார்க்கவில்லை!

அமெரிக்காவில் இதையொத்த விவகாரமொன்று நீதிமன்றம் வரை சென்றது. கொக்கா கோலா நிறுவனத்தின் 'விற்றமின் வோட்டர்' என்ற பானம், தன் பெயராலும் விளம்பரத்தாலும் மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று 2009ஆம் ஆண்டில் நுகர்வோர் அமைப்பொன்றின் ஆதரவுடன் வழக்குத் தொடரப்பட்டது. நியாயமாகச் சிந்திக்கும் எந்த நுகர்வோரும் அதை ஆரோக்கிய பானம் என்று நம்பி ஏமாறமாட்டார் என்பது நிறுவனத்தின் தரப்பு வாதங்களுள் ஒன்று. அப்படியானால் கலைப் பட்டமும் முப்பது ஆண்டுப் பத்திரிகை அனுபவமும் உள்ள நான் எந்த வகையைச் சேர்ந்தவன்?

இப்பானங்களின் மூதாதை போலியானதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1965ஆம் ஆண்டில் புளோரிடாப் பல்கலைக்கழகத்தின் வைத்தியர் றொபேட் கேட் தலைமையிலான குழுவினர், கொடும் வெயிலில் மணிக்கணக்காகப் பயிற்சி செய்து தளர்ந்துபோன கால்பந்தாட்ட வீரர்களுக்காகவே உப்பும் சீனியும் கலந்து 'கேட்டறேட்' பானத்தைத் தயாரித்தார்கள். மாறியது பானமல்ல, வாங்குபவர். வீரனுக்குரியது இப்போது எல்லைக்கோட்டில் நிற்கும் எனக்கும் விற்கப்படுகிறது. வாந்தி, வயிற்றோட்டத்துக்கு நாம் கரைத்துக் குடிக்கும் ஜீவனியும் உப்பும் சீனியும்தான். அதற்காக நாள்தோறும் யாரும் ஜீவனி குடிப்பதில்லை.

ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட சாதாரணப் பயிற்சிக்குத் தண்ணீர் போதும். வியர்வையோடு போகும் உப்பை அடுத்த வேளைச் சாப்பாடு ஈடுசெய்துவிடும். கருவாடும் சம்பலும் ஊறுகாயும் உண்ணும் நமக்கு உப்புப் பஞ்சம் ஒருபோதும் வந்ததில்லை. நெடுந்தூரம் ஓடுவோர் கதை வேறு. அவர்களிலும் அளவுக்கு மீறிக் குடிப்பதே ஆபத்து. 2002ஆம் ஆண்டு பொஸ்டன் மரதன் ஓட்டத்தில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 வீதமானோருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. அவர்கள் குடித்தது தண்ணீரா விளையாட்டுப் பானமா என்பது பெரிய வேறுபாட்டை ஏற்படுத்தவில்லை, குடித்த அளவே ஏற்படுத்தியது என்று ஆய்வாளர்கள் 2005இல் எழுதினார்கள்.

புறக்கோட்டையில் காலை முதல் மாலை வரை மூட்டை சுமக்கும் நாட்டாமிகளை எண்ணிப் பார்க்கிறேன். நான் ஒரு மாதத்தில் சிந்தும் வியர்வையை அவர்கள் ஒரு பகலில் சிந்துகிறார்கள். அவர்களிடம் இளநீலப் போத்தலை எவரும் நீட்டுவதில்லை. குழாய்த் தண்ணீர், பிளேன் ரீ, மதியம் சோறு. உப்பு நியாயமாகத் தேவைப்படக்கூடியவன் விளம்பரத்தின் கண்ணில் படுவதில்லை.

சுவையூட்டினால் சிலர் கூடுதலாகக் குடிக்கிறார்கள் என்பதை மறுக்கமாட்டேன். தண்ணீரே குடிக்காத பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இது தெரியும். அதற்குத் தேசிக்காய்த் துண்டொன்று போதாதா? சீனியற்ற வகைகளும் கடையில் உண்டு. சீனி சேர்த்ததை விட மேல், தண்ணீரை விட மேலென்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

பயிற்றுவிக்கும் தம்பியை நான் குறை கூறவில்லை. போத்தல் விற்றால் அவருக்கு ஏதோ சில்லறை கிடைக்கிறது. என்னைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்னர் சுகாதார இணைப்பிதழ் ஒன்றுக்கு நான் பொறுப்பாக இருந்தபோது, விளம்பரப் பிரிவு அனுப்பிய கட்டுரையொன்றைத் திருத்தி அச்சுக்குக் கொடுத்தேன். 'உடல் இழந்ததை மீட்கும் நீர்' என்ற தலைப்பு நான் வைத்தது. அது பணம் பெற்ற பக்கம் என்று எங்கும் அச்சிடப்படவில்லை. அந்தத் தம்பி அப்போது பாடசாலை மாணவனாக இருந்திருப்பார். அவர் எனக்குச் சொன்ன வாசகம் அப்பக்கத்தின் இரண்டாம் பந்தியில் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.

சென்ற மாதம் அதே போன்றதொரு பக்கம் என் மேசைக்கு வந்தது. மேலே 'விளம்பரம்' என்று போடாவிட்டால் கையெழுத்திடமாட்டேன் என்றேன். சற்று வாக்குவாதத்தின் பின் போட்டார்கள். பத்திரிகை வெளிவந்ததும் தேடிப் பார்த்தேன். வாசிக்கக் கண்ணாடி தேவைப்பட்டது.