மூன்று புள்ளியின் விலை

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு இரவு. சாப்பாட்டு மேசையில் என் மூத்த மகள் மெதுவாகச் சொன்னாள்: “அப்பா, எனக்குச் சொந்தமா ஒரு பிஸ்டல் வேணும்.”

பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த என் அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. “என்னடி கேக்குற? போலிஸ் புடிச்சுட்டுப் போயிடும்!”

பாட்டி பயந்ததில் தப்பில்லை. துப்பாக்கியால் சுட்டாலோ சுட முயன்றாலோ மரண தண்டனை என்று 1973லேயே ஆயுதக் குற்றச் சட்டம் கொண்டுவந்த நாடு இது. பொங்கோலில் வீவக அடுக்குமாடியின் பதினோராவது மாடியில் குடியிருக்கும் குடும்பத்துக்குப் பிஸ்டல் எதற்கு?

வாசகர்களும் பதற வேண்டாம். மகள் கேட்டது விளையாட்டுக்கான காற்றழுத்தக் கைத்துப்பாக்கி. குறிசுடுதல் அவளுடைய இணைப்பாட நடவடிக்கை. பத்து மீட்டர் தூரத்தில் அட்டை. அதன் நடுவில் பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு சட்டைப் பொத்தான். ஒற்றைக் கையை நீட்டி, 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டால் அதைத் தொட வேண்டும். பெரிய போட்டிகளில் 75 நிமிடத்தில் 60 குண்டு, முழுப் புள்ளி 600. 2014ல் கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் நம் தியோ ஷுன் சியே தங்கம் வென்றது இந்தப் போட்டியில்தான்.

இரண்டு ஆண்டுகளாக மன்றத்தின் பொதுத் துப்பாக்கியில்தான் மகள் பழகினாள். நாலைந்து பேர் மாற்றி மாற்றிப் பிடிப்பது. ஒருவருக்குச் சரிசெய்த கைப்பிடி அடுத்தவருக்குப் பொருந்தாது. கூடப் பழகும் இருவர் சொந்தமாக வாங்கிவிட்டார்கள். இவளும் கேட்டாள். நியாயமான ஆசைதான்.

ஆனால் அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கு ஒன்பது நாள் முன்பு, நான் வேலை பார்த்த நிறுவனத்தில் ஆட்குறைப்புப் பட்டியலில் என் பெயர் வந்திருந்தது. மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தேன். தினமும் காலையில் வழக்கம்போலச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பி, ‘ஒன் பொங்கோல்’ கட்டடத்து நூலகத்தில் உட்கார்ந்து வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன்.

அங்கே மடிக்கணினியைத் திறந்து, பெயர்பெற்ற பிஸ்டல், குறைந்த விலை, இறக்குமதி என்று தேடினேன். இணையம் நேராக அமெரிக்காவுக்கு இழுத்துப் போனது. ஜான் பிரவுனிங் வடிவமைத்து, 1911ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட புகழ்பெற்ற கோல்ட் பிஸ்டல். அதே வடிவத்தை இன்று பிலிப்பீன்சின் மரிகினா நகரிலும் துருக்கியிலும் செய்து, குறைந்த விலையில் அமெரிக்காவுக்கே அனுப்புகிறார்கள். காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் யாரும் செய்யலாம். நமக்குத் தேவையானது அதுவல்ல. இங்கே அது நடக்கவும் நடக்காது. ஆனால் ஒரு கேள்வி மனத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரே வடிவம், ஏறக்குறைய ஒரே இரும்பு. விலை மட்டும் ஏன் இவ்வளவு மாறுகிறது?

அந்த வாரக் கடைசியில் தேக்காவில் பதில் கிடைத்தது. உறவினர் வீட்டுக் குழந்தைக்கு மோதிரம் வாங்க சிராங்கூன் சாலை நகைக்கடை ஒன்றுக்கு மனைவியுடன் போயிருந்தேன். ஒரே எடையில் இரண்டு மோதிரம், விலை வேறு. மனைவி கேட்ட முதல் கேள்வி: “தங்கத்துக்கு எவ்வளவு, செய்கூலிக்கு எவ்வளவு? பிரிச்சுச் சொல்லுங்க.”

எனக்குச் சட்டென்று விளங்கியது. துப்பாக்கி விலையையும் அப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். குழலும் விசையும் தங்கம். மெருகும் வசதியும் பெயரும் செய்கூலி. செய்கூலி வீண் என்று சொல்லவில்லை. ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

மறுநாள் மன்றத்தின் பயிற்றுநரைப் பார்த்தேன். அறுபதைத் தாண்டிய மனிதர், அதிகம் பேச மாட்டார். இரண்டு துப்பாக்கிகளை மேசையில் வைத்தார்.

முதலாவது புத்தம் புதிய ஐரோப்பியத் தயாரிப்பு. சிலிண்டரில் 200 ‘பார்’ அழுத்தத்தில் காற்றை அடைத்து வைத்திருக்கும். குண்டைப் போட்டுச் சுட வேண்டியதுதான் வேலை. கைப்பிடி, உதிரிப்பாகம் எல்லாம் சேர்த்து மூவாயிரம் வெள்ளியைத் தாண்டியது.

இரண்டாவது, பல்கலைக்கழகம் போய்விட்ட ஒரு மூத்த மாணவரின் பழைய துப்பாக்கி. ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் நகரில் செய்த ‘இஷ்-46எம்’. இதில் சிலிண்டர் கிடையாது. குழலுக்குக் கீழே உள்ள நெம்புகோலை ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு தடவை இழுத்து மடக்கினால், அந்த ஒரு குண்டுக்கான காற்று உள்ளே அழுத்தப்படும். ஜெர்மனியின் பெரிய நிறுவனங்கள் ஒரு காலத்தில் போட்டிகளுக்குச் செய்த துப்பாக்கிகளும் இதே முறைதான். அந்தப் பழைய முறையைச் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டும் விலையில் கொடுத்தது இஷெவ்ஸ்க். பயிற்றுநர் சொன்ன விலை அறுநூறு வெள்ளி.

வாங்க நினைக்கும் பெற்றோருக்காக, அன்று அவரிடம் கற்றதை இங்கே எழுதி வைக்கிறேன். முதலில் கை. கைப்பிடி பிள்ளையின் உள்ளங்கையோடு ஒட்ட வேண்டும். கையை நீட்டிக் கண்ணை மூடித் திறந்தால், குறிமுள் அதே இடத்தில் நிற்க வேண்டும். அடுத்து விசை. விதிப்படி அது குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். எடையைத் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். பழைய துப்பாக்கியில் சிலிண்டர் இருந்தால் அதில் பொறித்த தேதியைப் பாருங்கள். பெரும்பாலும் பத்தாண்டுதான் ஆயுள்; காலாவதியான சிலிண்டரோடு போட்டிக்குப் போக முடியாது. சிலிண்டர் இல்லாத வகையானால் காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம் தேயும். அது கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இணையத்தில் காலணி வாங்குவதுபோல் இதை வாங்கிவிடாதீர்கள். எங்கள் மன்றத்தில் வாங்குவது, பதிவது, பூட்டி வைப்பது எல்லாம் மன்றத்தின் வழியாகத்தான். துப்பாக்கி வீட்டுக்கு வராது.

அன்றே மகள் இரண்டையும் கையில் பிடித்துப் பார்த்தாள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. “எனக்கு இந்தப் பழசே போதும்ப்பா.”

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கேட்டபோது அவள் கண்ணில் இருந்த ஆசை, வேண்டாம் என்று சொன்னபோது எங்கே போனது? இவளுக்கு ஏதாவது தெரிந்துவிட்டதா?

அன்று மாலை அவளோடு பொங்கோல் முனைப் படகுத்துறை வரை நடந்தேன். 1942 பிப்ரவரியில் ஜப்பானியர்கள் முந்நூறு, நானூறு சீனர்களை வரிசையாக நிறுத்திச் சுட்டுக் கொன்ற கரை அது. நினைவுக் கல்வெட்டை இருவரும் படித்தோம். நான் தேசிய சேவையில் தூக்கிய துப்பாக்கியைப் பற்றிச் சொன்னேன். எம்16எஸ்1. அமெரிக்க வடிவம், 1967ல் தொடங்கிய நம் ‘சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ்’ உரிமம் வாங்கி இங்கேயே செய்தது. “அது போருக்கு. நீ பிடிக்கிறது விளையாட்டுக்கு. ஆனா ரெண்டையும் கையில எடுக்குற ஆளுக்கு ஒண்ணு வேணும், தன்கிட்டயே பொய் சொல்லாத மனசு” என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே சுருக்கென்றது. தினமும் சட்டை மாட்டிக்கொண்டு நூலகம் போகிற ஆள் பேசுகிற பேச்சா இது?

பயிற்றுநரிடம் தனியாக என் சந்தேகத்தைச் சொன்னேன். “வீட்டு நிலைமைக்காக அவள் மலிவானதைத் தேர்ந்தெடுத்தால் எனக்கு வேண்டாம். அவளுக்கு எது சரி என்று உண்மை தெரிய வேண்டும்.”

அவர் ஒரு வழி சொன்னார். நான்கு வாரம். வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு துப்பாக்கியிலும் நாற்பது நாற்பது குண்டு. புள்ளிகளை அவர் குறித்து வைப்பார்.

“விலை கூடியதில் அவள் வேண்டுமென்றே மோசமாகச் சுட்டால்?” என்று கேட்டேன்.

சிரித்தார். “வேண்டுமென்றே மோசமாகச் சுடலாம். வேண்டுமென்றே நன்றாகச் சுட முடியாது. பழைய துப்பாக்கியில் என்ன வருகிறது என்று பாருங்கள். அது பொய் சொல்லாது.”

நான்கு வாரம் கழித்துத் தாளை நீட்டினார். 400க்கு, மன்றத்தின் பொதுத் துப்பாக்கியில் அவளுடைய வழக்கமான சராசரி 352. பழைய ரஷ்யத் துப்பாக்கியில் 361. புதிய ஐரோப்பியத் துப்பாக்கியில் 364.

ஆக, அவள் ஏமாற்றவில்லை. விலை கூடியதிலும் மனம் வைத்துத்தான் சுட்டிருக்கிறாள். சொந்தக் கைக்குச் சரிசெய்த பிடியால் ஒன்பது புள்ளி கூடியிருக்கிறது. அதற்கு மேல் இரண்டாயிரத்து நானூறு வெள்ளி கொடுத்தால் இன்னும் மூன்று.

“அந்த மூன்று எங்கே போகிறது?” என்றேன். பயிற்றுநர் விரலை வைத்துக் காட்டினார். முதல் முப்பது குண்டு வரை இரண்டு துப்பாக்கிக்கும் வித்தியாசமே இல்லை. கடைசிப் பத்தில்தான் சரிகிறது. ஒவ்வொரு குண்டுக்கும் நெம்புகோலை இழுத்து இழுத்துக் கை தளர்கிறது. “இந்த மூன்றைக் கடையிலும் வாங்கலாம், தோளிலும் வளர்க்கலாம். ஆறு மாதம் ஆகும்” என்றார்.

திரும்பும் வழியில் எல்ஆர்டி ரயிலில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனது, நூலகம், சட்டை, எல்லாம்.

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “தெரியும்ப்பா. ஒருநாள் புராஜெக்ட்டுக்கு நானும் அந்த லைப்ரரிக்கு வந்தேன். நீங்க மூணாவது மேசையில இருந்தீங்க.”

சற்று நேரம் இருவரும் பேசவில்லை.

“அதனாலதான் பழசு போதும்னு சொன்னியா?”

“அன்னிக்கு அதனாலதான் சொன்னேன். இப்ப இல்ல. இப்ப அது என்னோட பிஸ்டல். புதுசுல முதல் நாள் சுட்டப்ப எனக்கு ஆசையாத்தான் இருந்துச்சு. ஆனா மனு பாக்கர் தோக்கியோவுல எப்படி வெளிய போனாங்க? நல்ல விலை பிஸ்டல்தான், நடுப்போட்டியில பழுதாயிடுச்சு. அதுக்கப்புறம் பாரிஸ்ல ரெண்டு வெண்கலம் வாங்கலையா? மூணு புள்ளிய நான் பாத்துக்குறேன்.”

அறுநூறு வெள்ளிக்கு அந்தத் துப்பாக்கியை வாங்கினோம். ரப்பர் வளையம் இரண்டு கூடுதலாக வாங்கி வைத்தோம். பாட்டிக்குப் படம் காட்டினோம். “இதுக்கா இவ்வளவு காசு? கீழ ஒரு கம்பி தொங்குது” என்றார்.

துப்பாக்கி வீட்டுக்கு வராது என்பதால் மகள் வேறு வழி கண்டுபிடித்திருக்கிறாள். ஒரு லிட்டர் தண்ணீர்ப் போத்தல், ஏறக்குறைய ஒரு கிலோ எடை. மின்தூக்கிப் பக்கம் நின்று, பொது நடைபாதையின் கோடியில் எங்கள் வீட்டுக் கதவில் ஒட்டிய கறுப்புப் பொத்தானைப் பார்த்து, கையை நீட்டிப் பிடிக்கிறாள். எண்ணிக்கை அறுபது. பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டி முதல் நாள் பயந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இப்போது நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணுகிறார்.

எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. அடுத்த வாரம் இரண்டு நேர்காணல். காலையில் சட்டை மாட்டிக்கொள்வதை நிறுத்திவிட்டேன். டீ-சட்டையோடுதான் நூலகம் போகிறேன். நேற்று மாலை மகள் இன்னொரு போத்தலை என் கையில் திணித்தாள். பதினேழு வரைதான் தாங்கியது. மலாய்ப் பாட்டி தலையை ஆட்டி, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.