எந்த ஈயம் சார்?

எங்க ஆம்பூர்ல பாலாறுன்னு ஆரம்பிச்சா போதும், எல்லாருக்கும் ரத்தம் கொதிக்கும். 1996ல வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்குல சுப்ரீம் கோர்ட் குடுத்த தீர்ப்பு, 'கெடுத்தவனே காசு குடுக்கணும்'ங்கற விதி, மறுபடி 2025 ஜனவரியில வந்த தீர்ப்பு எல்லாத்தையும் டீக்கடையிலயே அலசிடுவோம். கொதிக்க வேண்டிய விஷயம்தான், தப்பே இல்ல. ஆனா எங்க வீட்ல நடந்த கூத்தைக் கேளுங்க மக்களே.

மொட்டை மாடி சோலார் ஹீட்டர்லேர்ந்து சமையல்கட்டுக்கு வர்ற செம்புக் குழாய்ல ஒரு எல்போ சொட்டுச்சு. வந்த பிளம்பர் ரெண்டு கலர் பசையைப் பிசைஞ்சு அப்பிட்டுப் போனார். நாலே நாள், மறுபடி சொட்டு. சூடு ஏறி இறங்குற குழாய்ல மேலாப்புல அப்புனது எத்தனை நாள் நிக்கும்?

அடுத்த தடவை, "பத்த வெச்சுடலாம் சார், ஈயம் வாங்கிட்டு வாங்க"ன்னார். கடையில எடுத்துக் குடுத்தது ரேடியோ ரிப்பேர் கம்பி. சுருள் மேல 60/40ன்னு போட்டிருக்கு. அதாவது 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். கேட்டா, "எல்லாம் ஈயம்தானே சார்!"

இங்கதான் எனக்கு ஏறுச்சு. வெள்ளீயம் வேற, காரீயம் வேற. காரீயம் குழந்தைங்க மூளை வளர்ச்சியையே கெடுக்குற விஷம். பாதுகாப்பான அளவுன்னு எதுவும் கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அமெரிக்காவுல குடிதண்ணிக் குழாய்க்கு காரீயப் பற்றாசை 1986லயே தடை பண்ணிட்டாங்க. ராத்திரி பூரா குழாய்ல நிக்கற தண்ணி, அதுவும் சுடுதண்ணி, காரீயத்தை நல்லாவே கரைக்கும். காலையில அதை அப்படியே பிடிச்சுதான் எங்க வீட்ல உலை வெக்கறாங்க.

பிரியாணி தேக்சாவுக்கு ஈயம் பூசுற பாய்கிட்ட புலம்பினேன். "தம்பி, வாயில படுற சாமானுக்கு வெள்ளீயம் மட்டும்தான்"னார். பட்டறையில இருக்கற அந்த அறிவு ஹார்டுவேர் கடையில இல்லையே!

அப்புறம் அலைஞ்சு 97/3 கம்பி வாங்கினேன். 97 பங்கு வெள்ளீயம், 3 பங்கு செம்பு. நானே செஞ்சேன். வால்வை மூடி குழாயை முழுசா வடிச்சாச்சு. உள்ள கொஞ்சம் தண்ணி நின்னாலும் குழாய் 100 டிகிரியைத் தாண்டாது, இந்தக் கம்பி உருக 230 கிட்ட வேணும். பசை அப்பின எல்போவை வெட்டி வீசிட்டு புதுசு போட்டேன். உப்புத்தாள் போட்டு செம்பு பளபளக்கற வரைக்கும் தேய்ச்சு, ஃப்ளக்ஸ் தடவினேன். தீயைக் கம்பியில காட்டக்கூடாது, ஜாயின்ட்லதான் காட்டணும். செம்போட சூட்டுலயே கம்பி உருகினா இடுக்குக்குள்ள தானா இழுத்துக்கும். ஆறுற வரைக்கும் அசைக்கல. கடைசியா நிறைய தண்ணி விட்டு அலசினேன். இன்னிக்கு வரைக்கும் சொட்டு இல்ல.

பிளம்பரைத் திட்டி பிரயோஜனம் இல்ல. வாங்குற நாமதான் 'எந்த ஈயம்?'னு கேக்கணும். பாலாத்துல குரோமியம் விட்டவங்க மேல கேஸ் போட்டோம். நம்ம குழாய்க்குள்ள நாமளே வெச்ச காரீயத்துக்கு யார் மேல போடறது?

டிஸ்கி: டார்ச் பிடிக்கும்போது பக்கத்துல ஒரு வாளி தண்ணி வெச்சுக்கங்க. ஜன்னல் திரைச்சீலை தப்பிச்ச கதை தனிப்பதிவு :-)