கடைசி வாங்கில் இருக்கிற புள்ளையை யார் எண்ணுவது?

தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறு வந்தால் எங்கட கரையோரம் முழுக்கப் பதாகைதான். கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் சந்திக்குச் சந்தி படங்கள், வாழ்த்துகள், "வலயத்தில் முதலிடம்" என்ற பெரிய எழுத்துகள். முகநூலில் இன்னும் கூட. அந்தப் புள்ளைகள் உழைச்சிருக்குதுகள், அதில் ஒரு குறையும் சொல்ல ஏலாது. எங்கட கேள்வி வேறு. அதே வகுப்பில் கடைசி வாங்கில் இருந்த புள்ளைக்கு ஒரு பந்தியைத் தானாக வாசிக்கத் தெரியுமா? திருக்கோவில் வலயத்தில் அப்படி வாசிக்கத் தெரியாமலே தரம் 6க்குப் போகிற புள்ளைகள் எத்தனை பேர்? இந்த எண்ணை எந்தப் பதாகையிலும் நாங்கள் கண்டதில்லை. கூட்டங்களில் சொல்லிக் கேட்டதும் இல்லை.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். மேலே ஏறினவர்களை மட்டும் எண்ணிக் கல்வியை அளக்கிற வரைக்கும், கொண்டுவருகிற எந்த உதவியும் ஏற்கெனவே முன்னுக்கு நிற்கிற புள்ளைக்குத்தான் போய்ச் சேரும். முதலில் பின்னுக்கு நிற்பவர்களை எண்ண வேண்டும். பிறகு அவர்கள் நிற்கிற இடத்திலிருந்து படிப்பிக்க வேண்டும்.

புலமைப்பரிசில் பரீட்சையைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. கன்னங்கரா 1945இல் இலவசக் கல்வியைக் கொண்டுவந்தபோது, கிராமத்து ஏழைப் புள்ளையும் மத்திய கல்லூரிக்குப் போக ஒரு வழி வேண்டும் என்ற எண்ணம் அதற்குள் இருந்தது. இன்றைக்கும் விநாயகபுரத்தில் கடலுக்குப் போகிற ஒருவரின் மகளுக்கு அது ஒரு ஏணிதான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ரியூசனுக்குக் காசு கட்டுகிற தாய் ஒன்றும் விபரம் தெரியாதவ இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். நாடு முழுக்க வருசத்துக்கு ஏறத்தாழ 3 இலட்சம் புள்ளைகள் எழுதுகிறார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டுவது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்ச நாலு பங்குக்கு மேற்பட்ட புள்ளைகளைப் பற்றி அந்தப் பெறுபேறு சொல்வதெல்லாம் "தாண்டவில்லை" என்பது மட்டும்தான். வாசிக்கத் தெரியாததாலா, கணக்குப் புரியாததாலா, வகுப்பில் மூன்று மாதம் ஆசிரியர் இல்லாததாலா? அதைச் சொல்வது அந்தப் பரீட்சையின் வேலை இல்லை. தெரிவு செய்ய வைத்த அரிதட்டை எடுத்து நாங்கள் தராசாகப் பாவிக்கிறோம்.

2024 செப்டெம்பரில் நடந்த பரீட்சையை நினைச்சுப் பாருங்கள். மூன்று கேள்விகள் முன்கூட்டியே வெளியானதென்று பிரச்சினை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. போக வேண்டியதுதான். ஆனால் அந்தப் பரீட்சையை எழுதினவர்கள் யார்? 2020 சனவரியில் தரம் 1க்கு வந்தவர்கள். 'அ' எழுதிப் பழகுகிற நேரத்தில், மார்ச் மாதமே பாடசாலை மூடப்பட்டது. பிறகு திறந்ததும் மூடினதுமாகப் போனது. 2022இல் எரிபொருள் இல்லாமல் திரும்பவும் மூடினார்கள். ஒன்லைன் வகுப்பு என்றார்கள். ஒரு வீட்டில் ஒரு போன், அதுவும் வாப்பாவோடு அல்லது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அந்த வயதுப் புள்ளைகளில் எத்தனை பேர் வாசிப்பைக் கோட்டை விட்டார்கள் என்று மூன்று கேள்விக்குக் கிடைத்த கவனத்தில் பாதிகூடக் கிடைக்கவில்லை.

எங்கட பக்கத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஏ4 வீதியை ஒட்டித் தம்பிலுவில், திருக்கோவில் பாடசாலைகள். அதிலிருந்து மேற்கே திரும்பினால் சாகாமம், கஞ்சிகுடிச்சாறு, தங்கவேலாயுதபுரம். வயலும் குளமும் காடும். பஸ் குறைவு. யானை வந்த இரவுக்கு அடுத்த நாள் புள்ளையை அனுப்பத் தாய்மார் பயப்படுவார்கள். நியமனம் கிடைத்து வருகிற ஆசிரியர் முதல் நாளே இடமாற்றத்தைப் பற்றி யோசிப்பார். அவரையும் முழுசாகக் குறை சொல்ல ஏலாது. யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த ஊர்கள் அவை. கரையோரத்தை 2004 சுனாமி அடித்துக்கொண்டு போனது. பாட்டன் படிக்கவில்லை, தகப்பனுக்கு இடையில் விடுபட்டது, இப்ப பேரன் தரம் 4இல் இருக்கிறான். வீட்டில் பாடம் சொல்லிக் குடுக்க ஆள் இல்லாத புள்ளைக்குப் பாடசாலை மட்டும்தான் வழி.

ஆனால் மேலே போகிற அறிக்கையில் இதெல்லாம் "அம்பாறை மாவட்டம்" என்ற ஒரு வரிக்குள் மறைந்துவிடும். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பிரிக்கிறார்கள். அம்பாறையும் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. அந்த ஒரே மாவட்டத்துக்குள்தான் கல்முனையின் பெயர்போன பாடசாலைகளும் தங்கவேலாயுதபுரத்துப் பாடசாலையும் இருக்கின்றன. கோட்டா வருவது உயர்தரத்துக்குப் பிறகு. தரம் 3இலேயே வாசிப்பை விட்ட புள்ளைக்கு அதுவரைக்கும் வந்துசேர வழி ஏது?

உதவி எப்படி மேல் வாங்குக்கே போகிறது என்பதற்குக் கென்யாவில் செய்த ஓர் ஆய்வு நல்ல சாட்சி. பிறகு 2019இல் நோபல் பரிசு பெற்ற மைக்கல் கிரெமரும் சக ஆய்வாளர்களும் மேற்குக் கென்யாவின் கிராமப் பாடசாலைகளுக்குப் பாடப்புத்தகம் குடுத்துப் பார்த்தார்கள். புத்தகம் இல்லாத இடத்தில் புத்தகம் வந்தால் எல்லோரும் முன்னேறுவார்கள் என்றுதான் யாரும் நினைப்போம். சராசரிப் புள்ளியில் மாற்றம் வரவில்லை. ஏற்கெனவே கெட்டிக்காரராக இருந்த புள்ளைகளுக்கு மட்டும்தான் பயன். காரணம், புத்தகம் ஆங்கிலத்தில், பலருக்கு அது மூன்றாவது மொழி. புத்தகம் மேசையில் இருந்தது, வாசிக்கத்தான் முடியவில்லை. எங்களுக்கு இலவசப் பாடநூல் 1980இலிருந்து கிடைக்கிறது, அதுவும் தமிழில். ஆனாலும் எழுத்துக் கூட்டத் தெரியாத புள்ளைக்குத் தமிழ்ப் புத்தகமும் அந்த ஆங்கிலப் புத்தகம் மாதிரித்தான்.

எண்ணுவது கஷ்டமான வேலை இல்லை. இந்தியாவில் 'பிரதம்' என்ற அமைப்பு 2005இலிருந்து 'அசர்' என்ற பெயரில் கிராமம் கிராமமாகப் போய், வீட்டு வாசலில் வைத்துப் புள்ளைகளிடம் ஒரு தாளை நீட்டுகிறது. எழுத்து, சொல், சின்னப் பந்தி, தரம் 2 அளவிலான கதை. எதுவரைக்கும் வாசிக்கிறது என்று குறிச்சுக்கொள்வார்கள். போகிறவர்களில் பெரும்பாலோர் எங்களைப் போன்ற இளைஞர்கள். 2022இல் இந்தியக் கிராமங்களில் தரம் 5 புள்ளைகளில் 42.8 வீதம்தான் அந்தத் தரம் 2 கதையை வாசித்தார்கள். வெட்கமான எண்தான். ஆனால் எண் தெரிந்ததால்தான் அங்கே பேச்சே தொடங்கியது.

எண்ணின பிறகு என்ன செய்வது என்பதற்கும் அனுபவம் இருக்கிறது. மும்பாயிலும் வதோதராவிலும் உள்ளூர் இளம் பெண்களைச் சின்னச் சம்பளத்துக்கு எடுத்து, பின்தங்கின புள்ளைகளைப் பாடசாலை நேரத்துக்குள்ளேயே தினமும் இரண்டு மணித்தியாலம் தனியாக எடுத்துப் படிப்பித்தார்கள். கூட முன்னேறினது அடிமட்டத்தில் இருந்த புள்ளைகள்தான். உத்தரப் பிரதேசத்தின் ஜோன்பூரில் தொண்டர்கள் நடத்தின வாசிப்பு முகாமுக்கு வந்த புள்ளைகளும் நல்லாக முன்னேறினார்கள். ஆனால் கிராமத்துப் புள்ளைகளில் பத்தில் ஒருவர்கூட முகாமுக்கு வரவில்லை. நல்ல மனசு மட்டும் போதாது என்பதற்கு அது பாடம்.

தமிழ்நாட்டின் 'இல்லம் தேடிக் கல்வி' வேறு மாதிரி. 2021இல் அரசாங்கமே தொடங்கினது. தொண்டர்களுக்கு மாதம் 1,000 ரூபாய், வீட்டுக்குப் பக்கத்திலேயே பின்னேர வகுப்பு. கார்த்திக் முரளிதரனும் சக ஆய்வாளர்களும் கிராமப்புறத்தில் பார்த்தபோது, பாடசாலை திறந்து ஆறு மாதத்தில் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. அப்படித் திரும்பினதில் கிட்டத்தட்டக் கால்வாசி இந்த வகுப்புகளால் வந்தது என்று கணித்தார்கள்.

"ஆசிரியர் வெற்றிடத்தை நிரப்புவது அரசாங்கத்தின்ர வேலை, இளைஞர்கள் நுழைந்தால் அவங்க கையைக் கழுவிவிடுவாங்க" என்று கேட்பீர்கள். நியாயமான பயம். அதனால்தான் இது ஆசிரியருக்குப் பதிலாக இல்லை என்பதில் நாங்கள் உறுதியாக நிற்க வேண்டும். கையில் எண் இருந்தால் ஆசிரியர் கேட்டுப் பேசவும் வலு கூடும். "வெற்றிடம் இருக்கிறது" என்பதை விட, "இந்தப் பாடசாலையில் தரம் 4இல் இத்தனை பேருக்குப் பந்தி வாசிக்கத் தெரியாது" என்பது பதில் சொல்ல வைக்கும். பாடசாலையின் பெயர் கெடும் என்ற பயத்துக்கும் வழி இருக்கிறது. ஒப்பிட்டு வரிசைப்படுத்தாமல், அந்தந்தப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெற்றோருக்கு மட்டும் சொல்லலாம்.

நாங்கள் கேட்பது மூன்று விடயம். ஒன்று, வருச ஆரம்பத்தில் தரம் 3இலிருந்து 5 வரைக்கும் ஒவ்வொரு புள்ளையையும் தனித்தனியாக ஒரு பந்தி வாசிக்க வைத்து வலயம் கணக்கெடுக்க வேண்டும். ஒரு புள்ளைக்குப் பத்து நிமிசம்கூடத் தேவையில்லை. இரண்டு, பாடசாலை நேரத்துக்குள்ளேயே தினமும் ஒரு மணித்தியாலம், வகுப்பைப் பார்க்காமல் வாசிப்பு மட்டத்தைப் பார்த்துப் புள்ளைகளைப் பிரித்துப் படிப்பிக்க வேண்டும். ஹரியானாவில் அரசாங்க ஆசிரியர்களை வைத்தே இப்படிச் செய்து பலன் கண்டார்கள். பின்னேரத்தை நம்ப ஏலாது, அது ரியூசனுக்கும் தம்பி தங்கச்சியைப் பார்ப்பதற்கும் போய்விடும். மூன்று, அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரியிலும் ஒலுவில் பல்கலைக்கழகத்திலும் படிக்கிற எங்கட ஆட்களை இதற்குள் எடுக்க வேண்டும், செலவுக்கு ஒரு கொடுப்பனவோடு.

கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று ஒரே கரையில் நாலு வலயம். தமிழ், முஸ்லிம் என்று பிரிந்து கிடந்தாலும் எழுத்துக் கூட்டத் தெரியாத புள்ளையின் சங்கடம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். நாலு வலயமும் ஒரே தாளை வைத்துக் கணக்கெடுத்தால் இன்னும் நல்லது. அதற்கு முன்னாடி ஒன்று செய்யலாம். இந்தக் கிழமை உங்கட வீட்டில், பக்கத்து வீட்டில் இருக்கிற தரம் 4 புள்ளையிடம் தரம் 2 தமிழ்ப் புத்தகத்தைக் குடுத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் ஏசாதீங்க. பக்கத்தில் இருந்து கேளுங்க, பிறகு எங்களுக்கு எழுதுங்க.