விதை எங்கே போச்சு?

மாசி பிறந்தால் போதும். ஆரம்பாக்கம் ஸ்டேஷனுக்கு வெளியே தள்ளுவண்டியில் பச்சை திராட்சை வந்துவிடும். கும்மிடிப்பூண்டியில் ஷிஃப்ட் முடித்து சூலூர்பேட்டை லோக்கலில் வந்து இறங்கும் என் முகத்தைப் பார்த்ததுமே வண்டிக்காரர், பாதி தெலுங்கும் பாதி தமிழுமாக, "சீட்லெஸ் ஸார், துப்பவே வேணாம்" என்பார். சூபர்வைஸர் சொல்வதையெல்லாம் துப்ப முடியாமல் விழுங்கிப் பழகியவன் நான். அரைக் கிலோ வாங்கிவிட்டேன்.

வினை அங்கேதான் ஆரம்பம். இரண்டாவது படிக்கும் என் பையன் எல்லாவற்றையும் தின்றுவிட்டு ஒரே ஒரு பழத்தைத் தொட்டியில் புதைத்தான். "கொடி வருமாப்பா?" என்றான். பேப்பரிலிருந்து தலை நிமிராமல், "வரும்டா" என்றேன். அப்பாக்கள் சொல்லும் பொய்களில் பாதி இப்படித்தான் பிறக்கின்றன.

பையன் தினமும் தண்ணீர் ஊற்றினான். பத்தாம் நாள் வந்து, "விதையிலேருந்துதான் செடி வரும்னு மிஸ் சொன்னாங்க. இதுல விதை எங்கேப்பா போச்சு?" என்றான்.

அன்று ராத்திரி ஒரு கெட்ட யோசனை வந்தது. பன்னீர் திராட்சையில் விதை உண்டு. நாலைந்தை எடுத்து யாரும் பார்க்காதபோது தொட்டியில் போட்டுவிட்டால்? என் அம்மா கண்டுபிடித்துவிட்டாள். "ஏண்டா, முளைக்கறதுக்கு முன்னாடி உன் பொய் முளைச்சுடுமே" என்றாள். சரியென்று, தெரிந்தவர்களை விசாரித்து, படித்து, உண்மையைத் தெரிந்துகொண்டேன்.

சீட்லெஸ் திராட்சையில் விதை உருவாகாமல் இல்லை ஸார். பூ பூக்கிறது, மகரந்தம் சேர்கிறது, கரு பிடிக்கிறது. சில வாரத்தில் கரு நின்றுபோகிறது. பழத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், துளியூண்டு மெத்தென்ற பொட்டு சில சமயம் தெரியும். வர இருந்த விதை அதுதான்.

விதைதான் சதைக்கு 'வளரு' என்று உத்தரவு போடும் ஆபீஸர். ஆபீஸர் இல்லாவிட்டால் ஃபைல் நகருமா? பழம் சுண்டைக்காய் சைஸில் நின்றுவிடும். அதனால் விதை தரவேண்டிய ஹார்மோனை விவசாயி தருகிறார். பேர் ஜிப்ரெலிக் அமிலம். நெற்பயிரைத் தாறுமாறாக உயரவைத்துச் சாய்க்கும் ஒரு பூஞ்சையின் கசிவுதான் அதற்குக் காரணம் என்று ஜப்பானியர் குரோசாவா 1926-ல் கண்டதிலிருந்து வந்த சமாசாரம் இது. லிட்டர் தண்ணீரில் 40 மில்லிகிராம் வாக்கில் கலந்து, பிஞ்சுக் குலையை ஒவ்வொன்றாக முக்கி எடுப்பார்கள். ஒரு தோட்டத்தில் எத்தனை ஆயிரம் குலை! இதுபோக மகாராஷ்டிராவில் ஏப்ரலில் ஒரு கவாத்து, அக்டோபரில் ஒரு கவாத்து. நமக்குத் துப்புகிற வேலை மிச்சம். அவர்களுக்கு முதுகு ஒடிகிறது.

சரி, விதை இல்லாமல் கொடி எப்படிப் பெருகியது? குச்சியை வெட்டி நட்டுத்தான். துருக்கியில் சுல்தானா, பாரசீகப் பக்கம் கிஷ்மிஷ் என்று பழைய ஆசாமி இது. 1872-ல் கலிஃபோர்னியாவில் வில்லியம் தாம்ஸன் என்பவர் நியூயார்க் பக்கத்து நர்ஸரியிலிருந்து குச்சி வரவழைத்து நட்டார். 'தாம்ஸன் சீட்லெஸ்' என்று பேர் அவருக்குப் போய்விட்டது. கிளையில் தற்செயலாக ஒரு மாறுதல் தெரிந்தால், அதை வெட்டி நட்டுப் புதுப் பெயர் வைத்துவிடலாம். சோலாப்பூர், சாங்லி பக்கத்து சோனாகா, தாஸ்-ஏ-கணேஷ் எல்லாம் அப்படி வந்த வாரிசுகள். நம்ம தேனி ஜில்லாவில் ஓடைப்பட்டி பக்கம் விதையில்லாதது விளைகிறது. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் ராஜா, விதையுள்ள பன்னீர்தான். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது.

இத்தனையையும் பையனுக்குப் புரிகிற பாஷையில் சொன்னேன். கடைசியில், "நான் சும்மா வரும்னு சொல்லிட்டேன்டா, தப்புதான்" என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்தான்.

"அப்போ அதுக்குக் குழந்தையே கிடையாதாப்பா?"

"கிடையாது. குச்சி வெட்டி நட்டா அதேதான் திரும்ப வரும்."

"யாரும் நடலைன்னா?"

"அதோட சரி."

"பாவம்ப்பா. யாராவது நட்டுக்கிட்டே இருக்கணும்" என்றான்.

ஃபேக்டரியில் என் பக்கத்து மெஷின்காரர் கம்பத்துக்காரர். ஊருக்குப் போய்வந்தபோது பென்சில் தடிமனில் ஒரு பன்னீர்க் குச்சியை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். "விதையிலே போட்டா தாய் மாதிரியே வராது ஸார், பன்னீருக்கும் குச்சிதான்" என்றார். "ஆனா உங்க ஊர்ல பழவேற்காடு ஈரக்காத்து அடிக்கும். இலையிலே அடிச்சாம்பல் வரும். நிழலுக்குன்னு நடுங்க. காய்ச்சா போனஸ்."

போனஸ் என்றால் எதிர்பார்க்கக்கூடாது என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தானே! அதே தொட்டியில் நட்டோம். மூன்றாம் வாரம் காலையில் பையன் என்னை எழுப்பி இழுத்துக்கொண்டு போனான். கணுவில் ரோஜா நிறத்தில் ஒரு துளிர்.

"இப்ப நிஜமாவே வரும்தானேப்பா?"

இந்தத் தடவை பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து நன்றாகப் பார்த்த பிறகுதான் பதில் சொன்னேன்.