மறுதொடக்கம் என்பது பரிகாரம், பழுதுநீக்கம் அன்று

“ஸ்பூலரை ஒருமுறை நிறுத்தித் தொடங்கிப் பாருங்கள்.” அலுவலக அச்சுப்பொறி மௌனம் சாதிக்கும்போதெல்லாம் ஓதப்படும் மந்திரம் இது. மந்திரம் பலிப்பதும் உண்டு. எங்கள் வழக்கே அங்கிருந்துதான் தொடங்குகிறது. பலித்துவிட்ட பரிகாரம், காரணத்தைத் தேடும் கடமையிலிருந்து அனைவரையும் விடுவித்துவிடுகிறது.

இலக்கிய அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். மெய்ப்புப் படி தாளில் இறங்குவதற்கு முன் கடக்கும் கடைசி வாசல் இது. அங்கே காவலன் அடிக்கடி மயங்கி விழுகிறான் என்றால், ஏன் என்று கேட்கும் உரிமை வாசிப்பவருக்கும் எழுதுபவருக்கும் உண்டு.

ஸ்பூலரின் பணி எளியது. கணினி வேகமானது, அச்சுப்பொறி மெதுவானது. ஆகவே அச்சுக்கு அனுப்பியவற்றை வட்டில் வரிசையாக வைத்திருந்து, ஒவ்வொன்றாக அனுப்ப ஒரு பின்னணிச் சேவை தேவைப்படுகிறது. இவ்வளவு எளிய வேலையைச் செய்யும் சேவை ஏன் சரிகிறது? விண்டோஸில் அச்சுப்பொறி உற்பத்தியாளர்கள் எழுதிய டிரைவர்கள், நெடுங்காலமாக ஸ்பூலரின் உள்ளேயே ஏற்றப்பட்டு இயங்கி வந்திருக்கின்றன. யாரோ எழுதிய ஒரு டிரைவரில் உள்ள பிழை ஸ்பூலரையே வீழ்த்தும். அது வீழ்ந்தால், குற்றமற்ற மற்ற அச்சுப்பொறிகளும் சேர்ந்து முடங்கும். வலையமைப்பில் நிலைமை இன்னும் மோசம். பகிரப்பட்ட அச்சுப்பொறியின் டிரைவர், அதனோடு இணையும் ஒவ்வொரு கணினியிலும் வந்து இறங்குகிறது. நோயையும் நாமே விநியோகிக்கிறோம். வழங்கியிலேயே ஸ்பூலர் சரிந்தால், அதை நம்பியிருக்கும் அத்தனை மேசைகளிலும் வேலை நின்றுபோகும்.

பரிகாரத்தின் எல்லை இங்கே தெளிவாகிறது. வரிசையில் சிக்கிய சிதைந்த கோப்புதான் காரணம் என்றால், சேவையை நிறுத்தி, காத்திருப்புக் கோப்புறையைக் காலி செய்து, மீண்டும் தொடங்கினால் போதும். காலையில் எழுப்பிய ஸ்பூலர் மாலையில் மறுபடி விழுந்தால், குற்றவாளியை வேறிடத்தில் தேட வேண்டும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடு, சரிவின்போது எந்தக் கூறு தவறியது என்பதைப் பெரும்பாலும் பெயரோடு எழுதி வைக்கிறது. அந்தப் பெயரைக் கொண்டு டிரைவரை அடையாளம் கண்டு புதுப்பிக்கலாம், நீக்கலாம், அல்லது தனிமைப்படுத்தலாம். டிரைவரை ஸ்பூலருக்கு வெளியே தனியாக இயக்கும் வசதி 2009இல் விண்டோஸ் 7உடனேயே வந்துவிட்டது. மந்திரம் ஓதுவோரில் பதிவேட்டைப் புரட்டுவோர் எத்தனை பேர்?

இது வெறும் எரிச்சல் சார்ந்த பிரச்சினை என்று ஒதுக்குவோருக்கு வரலாற்றை நினைவூட்டுகிறோம். ஸ்பூலர் இயங்குவது கணினியின் மிக உயர்ந்த அதிகாரத்தோடு. ஈரானின் அணுத் திட்டத்தைக் குறிவைத்த ஸ்டக்ஸ்நெட் நிரல் 2010இல் வெளிப்பட்டபோது, அது பரவிய வழிகளுள் ஒன்று ஸ்பூலரில் இருந்த ஓட்டை என்று தெரியவந்தது. அந்த ஓட்டை பற்றி ஒரு கணினிப் பாதுகாப்பு இதழில் 2009இலேயே கட்டுரை வந்திருந்தது! அடைக்கப்பட்டதோ 2010 செப்டம்பரில். (சிற்றிதழ்களில் எழுதுவதை யார் படிக்கிறார்கள் என்ற நமது பழைய புலம்பல் உலகப் பொதுவானது போலும்.) 2021இல் ‘பிரிண்ட்நைட்மேர்’ வந்தது. சாதாரணப் பயனர் உரிமை மட்டுமே உள்ள ஒருவர், தீங்கான டிரைவரை ஸ்பூலருக்குள் ஏற்றி, கணினியையே கைப்பற்ற முடிந்தது. அவ்வாண்டு ஜூலையில், அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமை, தன் ஆணைக்குட்பட்ட அரசு அமைப்புகளின் முதன்மை வழங்கிகளில் ஸ்பூலரையே நிறுத்திவிடச் சொன்னது.

இரண்டு மாதங்களுக்குப் பின் நடந்தது எங்கள் வாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. 2021 செப்டம்பர் பாதுகாப்புத் திருத்தம், வழங்கிக்கும் கணினிக்கும் இடையிலான அச்சுத் தொடர்புக்குக் கடுமையான பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது. உடனே பல அலுவலகங்களில் ‘11பி’ என்று முடியும் பிழை எண்ணோடு வலையமைப்பு அச்சு நின்றது. வாய்மொழியாகப் பரவிய தீர்வு என்ன? பதிவகத்தில் ஒரு மதிப்பைச் சுழியமாக்குங்கள் என்பது. அச்சு வந்தது. அந்தச் சுழியம் எதை அணைக்கிறது என்பதைச் சொன்னவர் சிலரே. அது அணைத்தது, திருத்தம் கொண்டுவந்த அதே பாதுகாப்பை! இரு முனைகளையும் புதுப்பிப்பது முறையான வழி. கதவு இறுகியதற்காகத் தாழ்ப்பாளையே கழற்றி எறிந்தார்கள்.

மறுதரப்புக்கும் நியாயம் உண்டு. பழைய அச்சுப்பொறிகளை வாழவைத்தது இந்தத் திறந்த ஏற்பாடுதான். டிரைவர்களை ஒரேயடியாகத் தடுத்தால் நல்ல நிலையில் உள்ள பல பொறிகள் குப்பைக்குப் போகும். ஆனால் பழையதைக் காப்பது வேறு, அதை ஸ்பூலரின் கருவறைக்குள்ளேயே வைத்துக் காப்பது வேறு. தங்களிடம் வந்த விண்டோஸ் பாதுகாப்புப் புகார்களில் 9 சதவிகிதம் அச்சு தொடர்பானவை என்று மைக்ரோசாஃப்டே 2023இல் எழுதியது. வெளியார் டிரைவர்களைப் படிப்படியாகக் கைவிடும் திட்டத்தையும் அவ்வாண்டே அறிவித்தது. அவை இல்லாமலே அச்சிடும் பாதுகாப்பு முறை 2024இல் விண்டோஸ் 11இல் வந்தது. அதுவும் விரும்பினால் இயக்கிக்கொள்ளும் தெரிவாக மட்டுமே. ஸ்டக்ஸ்நெட்டிலிருந்து எண்ணினால் பதினான்கு ஆண்டுகள்.

இத்தனை ஆண்டுகளும் பழி சுமந்தவர்கள் யார்? “நீங்கள் என்ன அழுத்தினீர்கள்?” என்று கேட்கப்பட்ட தட்டச்சர்களும், மூன்று மாடி ஏறி இறங்கிய பராமரிப்பு ஊழியர்களும்தான். அவர்கள் தவறு செய்யவில்லை. ஆகவே எங்கள் கோரிக்கை சிறியது. அடுத்த முறை ஸ்பூலரை எழுப்பித் தருபவரிடம் நன்றி சொல்லுங்கள். கூடவே, எது விழவைத்தது என்று ஒரு பெயரைக் கேளுங்கள். அவரிடம் பெயர் இல்லையென்றால், பதிவேட்டைத் திறக்கும் நேரத்தை அவருக்குத் தருமாறு நிர்வாகத்தைக் கேளுங்கள்.